பிளேலிஸ்டும் கூடவே வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனம் தன்னுடைய இசைச் சேவையைப் போட்டி நிறுவனத்தின் கைபேசித் தளத்துக்கும் கொண்டுசெல்லும்போதெல்லாம், யாருக்குச் சந்தாதாரர்கள் கூடுவார்கள், யாருடைய கைபேசி விற்பனை குறையும் என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. பாட்டுக் கேட்பவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது, என்ன இன்னும் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாகவே எண்ணியிருந்தேன்.

இது புதிய வழக்கமல்ல. ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்னும் கையடக்க இசைக் கருவியை 2001-இல் வெளியிட்டபோது அது அந்த நிறுவனத்தின் மேக் கணினியோடு மட்டுமே இணைந்து வேலை செய்தது. 2003 ஏப்ரலில் இணையத்தில் பாடல் விற்கும் ஐடியூன்ஸ் இசைக் கடையைத் திறந்த அந்த நிறுவனம், ஐபாடில் பாடல்களை ஏற்ற உதவும் ஐடியூன்ஸ் மென்பொருளை அதே ஆண்டு அக்டோபரில் போட்டித் தளமான விண்டோஸுக்கும் கொண்டுவந்தது. ஐபாட் உலகெங்கும் பரவியதற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். பின்னர் 2015 ஜூன் 30 அன்று தொடங்கப்பட்ட ஆப்பிள் மியூசிக் என்னும் சந்தா இசைச் சேவை, அவ்வாண்டு நவம்பரிலேயே ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. முதலில் வந்தது சோதனைப் பதிப்புதான்; இசைக் காணொளிகளும் குடும்பச் சந்தாவில் சேரும் வசதியும் அதில் இல்லை. ஆனால் சில மாதங்களிலேயே, பதிவிறக்கிய பாடல்களை மெமரி கார்டில் சேமிக்கும் வசதியை அந்தச் செயலியில் சேர்த்தார்கள். ஐபோனில் மெமரி கார்டு போடும் இடமே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், தன் சொந்தக் கருவியில் இல்லாத ஒன்றைப் போட்டியாளரின் கருவிக்காகச் செய்து கொடுத்தது எனக்கு நல்ல அடையாளமாகவே பட்டது. போட்டித் தளத்துக்குப் போகும் எந்தச் சேவையும் அந்த மனதோடுதான் போக வேண்டும். பெயருக்கு ஒரு செயலியைப் போட்டுவிட்டு, முக்கிய வசதிகளையெல்லாம் சொந்தக் கைபேசிக்காரர்களுக்கே ஒதுக்கி வைப்பது, ஒரே சந்தா கட்டுகிறவர்களுக்குள் பந்தியில் பாகுபாடு காட்டுவதாகும்.

ஆனால் என் மனக்குறை வேறொன்று. அதைச் சொல்ல என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தந்தைக்குச் சில ஆண்டுகளாகப் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. கைபேசித் திரையில் உள்ள எழுத்துகளை அவரால் படிக்க முடியாது. அவருக்காக ஓர் இசைச் சேவையில் 63 பாடல்கள் கொண்ட பிளேலிஸ்ட் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதை அவரே சொல்லச் சொல்ல, பல மாலைப் பொழுதுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கினோம். இன்றும் அவர் அந்த வரிசையை வைத்துத்தான் பாட்டைக் கண்டுபிடிக்கிறார். ஹெட்போன் வயரில் உள்ள பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அடுத்த பாட்டு வரும். “இதிலிருந்து நாலாவது” என்று விரலால் எண்ணிக்கொண்டே அழுத்தி, தான் விரும்பிய பாட்டுக்குச் சரியாகப் போய்விடுவார்.

பழைய கைபேசி தளர்ந்துபோனதால், திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் வசதி நன்றாக இருக்கிறதென்று வேறு தளத்துக் கைபேசி ஒன்றை அவருக்கு வாங்கினேன். நாங்கள் பயன்படுத்திய இசைச் சேவை அந்தத் தளத்தில் கிடையாது என்பது அதன் பிறகே தெரிந்தது. பட்டியலை வெளியே எடுக்க ஏதேனும் வழி உண்டா என்று கேட்டு எழுதினேன். அப்படி வசதி இல்லை என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் 63 பெயர்களையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, புதிய கைபேசியில் இருந்த வேறொரு சேவையில் ஒவ்வொன்றாகத் தேடினேன். தமிழ்ப் பாடல்களின் பெயர்களை இந்தச் சேவைகள் ஆங்கில எழுத்துகளில், அதுவும் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கின்றன. நெடிலுக்கு ஓரிடத்தில் ஓர் எழுத்து, இன்னோரிடத்தில் இரண்டு. ஒருவழியாகப் பாட்டு கிடைத்தாலும், அது அவர் கேட்டுப் பழகிய பதிவுதானா என்பது அடுத்த கேள்வி. பிற்காலத்தில் வேறு குரலில் பாடிப் பதிவு செய்த பாடல்களும் அதே பெயரில் அங்கே இருக்கின்றன. முன்னிசையில் வயலின் தொடங்கிய மாத்திரத்திலேயே “இது அது இல்லையே” என்று சொல்லிவிட்டார். ஒன்பது பாடல்களின் பழைய பதிவு எனக்குக் கிடைக்கவே இல்லை. இடையில் ஒன்பது இடங்கள் விட்டுப்போனதும் அவருடைய எண்ணிக்கை முழுவதும் குலைந்துவிட்டது.

இதைத் தொழில்நுட்பத்தின் குறை என்று சொல்ல முடியாது. இசைச் சேவைகளில் வெளியாகும் ஒலிப்பதிவுகளுக்கு ஐஎஸ்ஆர்சி என்னும், எழுத்துகளும் எண்களுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. அது பாட்டுக்கு உரியதல்ல, பதிவுக்கு உரியது. அதே பாட்டை வேறொருவர் மீண்டும் பாடிப் பதிவு செய்தால் அதற்கு வேறு குறியீடு வரும். பாட்டின் பெயரை எப்படி எழுதியிருந்தாலும், இந்தக் குறியீட்டைக் கொண்டு ஒரு சேவையின் பட்டியலை இன்னொரு சேவையில் சரியான பதிவுகளோடு, அதே வரிசையில் பொருத்திவிடலாம். ஒரு பதிவு அங்கே இல்லையென்றால், இன்ன பாட்டு இல்லை என்று சொல்லி அந்த இடத்தை வெறுமையாகவாவது விட்டுவைக்கலாம். பட்டியலோடு பாடல் கோப்புகளையும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாடலின் உரிமை அதைப் படைத்தவர்களுக்கும் வெளியிட்டவர்களுக்கும் உரியது; சந்தா நின்றால் பதிவிறக்கிய பாடலும் நின்றுவிடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பணம் கட்டுகிறோம். ஆனால் எந்தப் பாட்டு, எந்த வரிசையில் என்பது கேட்பவர் தன் நேரத்தைச் செலவிட்டுச் செய்த வேலை. அதை அவரிடம் திருப்பிக் கொடுக்க மறுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, ஒருவர் ஒரு நிறுவனத்திடம் கொடுத்த தன் தரவுகளைக் கணினி படிக்கும் வடிவில் பெறவும், வேறொரு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லவும் உரிமை தருகிறது. ஆப்பிள் மியூசிக் பட்டியல்களை கூகுளின் யூடியூப் மியூசிக்குக்கு நேரடியாக மாற்றும் வசதி 2024-இல் வந்தது. போட்டியில் இருக்கும் இரு பெரிய நிறுவனங்களால் இதைச் செய்ய முடிகிறதென்றால் மற்றவர்களாலும் முடியும். இசைச் சேவை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், போட்டித் தளத்தில் செயலி வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும், பட்டியலை ஐஎஸ்ஆர்சி குறியீடுகளோடு இலவசமாக வெளியே எடுத்துக்கொள்ளும் வசதியைச் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்றும், அரசுகள் இதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

என் தந்தையின் பழைய கைபேசி, சிம் கார்டு எடுக்கப்பட்ட நிலையில், எந்நேரமும் சார்ஜரில் செருகியபடி இன்னும் அவருடைய கட்டிலுக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த ஒரு பட்டியலுக்காக இரண்டு சந்தா கட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்