செவ்வாய் வேண்டாம், புதன் இருக்கட்டும்

பாளையங்கோட்டை
15-9-2024, ஞாயிறு

ஏட்டி லலி,

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், முதலில் படி. உன் வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னது பொய். டிக்கெட் கையில் இருந்தது. அன்றைக்கு இங்கே நடந்த கூத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் பொய். இப்போது சொல்கிறேன், சிரித்துத் தொலை.

முதலில் குசலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருக்கு சுகர் அப்படியேதான். சின்னவன் ப்ளஸ் டூ, புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொடுகிறான். பெரியவள் அரிசோனா போய் ஆறு வாரம் ஆகிறது. டெம்பி என்று ஊர், ஃபீனிக்ஸை ஒட்டினாற்போல. அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி அங்கேதான். சீட் கிடைத்தது, விசா கிடைத்தது, வீடு மட்டும் கிடைக்கவில்லை. ஹாஸ்டல் நமக்குக் கட்டாது. நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வெளியே ஒரு ஃப்ளாட் எடுப்பதுதான் அங்கே வழக்கம். கார் வாங்க வழியில்லை. அந்த ஊரில் கார் இல்லாமல் இருப்பது சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நிற்கிற மாதிரி. உவமைக்காகச் சொல்லவில்லை. 2023 ஜூலையில் ஃபீனிக்ஸில் 43 டிகிரிக்குக் குறையாமல் 31 நாள் தொடர்ந்து அடித்திருக்கிறது. விளம்பரத்தில் "நடக்கிற தூரம்தான்" என்று போட்டிருப்பான், பார்த்தால் ஒரு மைல். இருபது நிமிஷ நடை. நம் மார்கழிக்கு அது நடை, அந்த ஆகஸ்டுக்கு அது வேண்டுதல்.

இப்போது கூத்து. ஜூனில் இவள் நெட்டில் ஒரு வீட்டைப் பிடித்தாள். தனி ரூம், சோபா, பால்கனி, வாடகை பாதி விலை. வீட்டுக்காரர் டாக்டராம், வெளிநாட்டில் இருக்கிறாராம், 900 டாலர் அட்வான்ஸ் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவாராம். மெயிலில் அவ்வளவு பணிவு. இவர் அதிலேயே விழுந்து, காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார். உன் வீட்டுக்கு வர நான் பெட்டியைக் கட்டிக்கொண்டே அந்தப் போட்டோவைச் சும்மா எட்டிப் பார்த்தேன். பால்கனிக்கு வெளியே எதிர்வீட்டுக் கூரை. கூரைமேல் வெள்ளையாக ஏதோ. பெரிது பண்ணிப் பார்த்தால் பனி! ஏட்டி, முப்பது வருஷம் ஜியாகிரபி எடுத்தவள் நான். டெம்பி இருக்கிற சொனோரா பாலைவனத்தில் கூரைமேல் ஒரு முழம் பனியா? பெட்டியைப் போட்டுவிட்டு, இவர் போனை எடுக்காததால் ஆட்டோ பிடித்து பேங்குக்கு ஓடினேன். ஃபாரம் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க "பனி, பனி" என்றதும் கவுன்ட்டரில் இருந்த பெண் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அதற்குள் கோவை ரயிலும் போயிருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, கூகுள் தெருப்படத்தில் டெம்பியைச் சுற்ற ஆரம்பித்தேன். அப்பாச்சி என்று ஒரு ரோடு (என் தம்பி ஓட்டுகிற பைக் இல்லை), நட்ட நடுவில் ரயில் ஓடுகிறது. லைட் ரயில் என்கிறார்கள், 2008 டிசம்பரில் விட்டது. காலேஜ் பக்கத்திலேயே நிற்கும். ஆக, அந்த ரோட்டை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராமல் வீடு தேடு என்று சட்டம் போட்டேன். ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் ஸ்டாப்பிலிருந்து வாசல்வரை மவுஸாலேயே நடந்தேன். விளக்குக் கம்பங்களை எண்ணி நோட்டில் எழுதினேன். இவர் எழுந்து வந்து, "உனக்கு அங்கே கார்ப்பரேஷனில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

இலவச பஸ் கதையைக் கேள். அந்த ஊரில் தெருத்தெருவாகப் போகிற சின்ன பஸ்ஸுக்கு ஆர்பிட் என்று பெயர், டிக்கெட்டே கிடையாது. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு கிரகத்தின் பெயர். மெர்க்குரி, வீனஸ், மார்ஸ், ஜூபிடர், கூடவே எர்த். இதை நான் வாய்தவறி அத்தை காதில் போட்டுவிட்டேன். "செவ்வாய் பஸ் போகிற தெருவில் கல்யாணமாகாத பிள்ளைக்கு வீடா?" என்று அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. கடைசியில் பெரியவளுக்குத் தோதாக அமைந்தது மெர்க்குரி. புதன், வித்தைக்கு அதிபதி, இருக்கட்டும் என்று அத்தை உத்தரவு கொடுத்தார்கள். சனி ஓடுகிறதா என்று நான் கேட்கவே இல்லை.

ஜூலையில் மூன்று வீடுகளைக் கழித்துக் கழித்து ஒன்றுக்கு வந்தோம். டார்சி என்கிற ரயில் ஸ்டாப்புக்குப் பக்கம். கம்பங்களும் நெருக்கம்தான். திருப்தியாக இருந்தேன். அப்புறம் ஒருநாள் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது சுரீரென்று உறைத்தது. அந்தக் கூகுள் படமெல்லாம் பகலில் எடுத்ததடி! இத்தனை நாள் நான் நடந்ததெல்லாம் பட்டப்பகலில். கம்பத்தை எண்ணினேனே தவிர, எது எரிகிறது எது எரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த ஃப்ளாட்டில் ஏற்கெனவே இருக்கிற ஈரோட்டுப் பெண் ஒருத்தி, இரண்டாம் வருஷம். நல்ல பிள்ளை. "ஆன்ட்டி, நான் நடந்து காட்டுறேன்"னு அவளே சொன்னாள். ஒரு ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வீடியோ கால், அங்கே சனி இரவு ஒன்பது. ஸ்டாப்பில் வெளிச்சம் நன்றாக இருந்தது. ரோட்டைக் கடக்க சிக்னலுக்கு நின்றாள், எத்தனை அகலமான ரோடு! அப்புறம் பெட்ரோல் பங்க், கூடவே ஒரு கடை, ராத்திரி முழுக்கத் திறந்திருக்குமாம். அடுத்து கார் நிறுத்துகிற இடம், சுவர் ஓரமாக இருட்டு. போன் திரை கறுத்து, அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எண்ணினேன், நாற்பத்திரண்டு அடி. பிறகு படிக்கட்டு, கதவு. கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்கிறதா என்று இரண்டு தரம் திறந்து காட்டச் சொன்னேன். அந்த இருட்டுக்கு மாற்றாக முன்வாசல் வழி ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிஷம் கூடுதல். அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று பெரியவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கடைப்பிடிக்கிறாளா என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

அந்தப் பெட்ரோல் பங்க் கடை வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். சென்னை லஸ்ஸில் நம் சோடாக்கடை அண்ணாச்சி. அவர் கடை சாத்துகிற நாளில் நாம் இருவரும் எப்படி ஓடுவோம்!

உன் சின்னவள் அடுத்த வருஷம் கிளம்புவதாகச் சொன்னாய், அதற்காக இதையும் எழுதி வைக்கிறேன். லீஸில் (வாடகை ஒப்பந்தத்துக்கு அங்கே அதுதான் பெயர்) அவள் பெயர் இருக்க வேண்டும். ஹாலில் திரை கட்டி "ஒரு ஸ்பாட் இருக்கு, பெயர் வேண்டாம்" என்பார்கள். மலிவுதான், ஆனால் நாளைக்குத் தகராறு வந்தால் நின்று பேச ஒரு காகிதம் இருக்காது. நாலு பேரும் ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டால், ஒருத்தி நடுவில் போய்விட்டாலும் அவள் பங்கு வாடகை மற்றவர்கள் தலையில். ரூமுக்கு ஒரு லீஸ் என்றால் அந்தத் தொல்லை கிடையாது. அட்வான்ஸ் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்க அரிசோனா சட்டம் விடாது. சென்னையில் பத்து மாதம் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் நாம், நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்னொன்று, சிரிக்கிற விஷயமில்லை. அங்கே காலேஜ்கள் வருஷா வருஷம் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும் என்று 1990-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, கிளெரி சட்டம். ஜீன் கிளெரி என்கிற பெண்ணின் பெயர் அது. 1986-இல், பத்தொன்பது வயதில், பென்சில்வேனியாவில் தன் ஹாஸ்டல் அறையிலேயே கொல்லப்பட்டாள். பூட்டியிருக்க வேண்டிய கதவுகளை யாரோ திறந்து முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா அம்மா போராடித்தான் அந்தச் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் கணக்கில் காலேஜ் இடமும் அதை ஒட்டின தெருவும்தான் சேரும். நம் பிள்ளைகள் இருக்கிற தனியார் ஃப்ளாட் சேராது. அதனால் அந்த அறிக்கையில் எண் குறைவாக இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அங்கே குடியிருக்கிற பிள்ளைகளிடம் கேள். கதவை இரண்டு தரம் திறந்து காட்டச் சொன்னேனே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

வாரம் இரண்டு நாள் அவளுக்கு ராத்திரி வகுப்பு. ஸ்டாப்பில் இறங்கியதும் எனக்குப் போன் போட்டு, வாசல்வரை பேசிக்கொண்டே போவாள். இங்கே பிரேயர் முடிந்து முதல் பீரியட் பெல் அடிக்கிற நேரம். ஸ்டாஃப் ரூம் ஓரமாக நின்று பேசுவேன். சாவி திரும்புகிற சத்தம் கேட்டதும் நைன்த் பி-க்குப் போவேன். போன வியாழக்கிழமை போன் வரவில்லை. இருபது நிமிஷம். ஹெச்.எம். வந்து வகுப்பில் டீச்சர் இல்லையே என்று கேட்க, நான் என்னவோ உளறினேன். பிறகு மெசேஜ் வந்தது: "மா, ஃப்ரெண்ட்ஸோட சாப்பிட வந்தேன், சார்ஜ் இல்ல, இப்படிப் பதறாத." நன்றாகத் திட்டி எழுதினேன். எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

லஸ்ஸில் அன்றைக்கு நடந்தது உன் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாதுதானே? என் அம்மாவுக்கு நான் அந்த வாரம் எழுதிய கடிதத்தில் மெஸ் சாம்பாரைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

காலாண்டு லீவில் வருகிறேன். டிக்கெட் உண்மையாகவே போட்டாயிற்று. வீட்டைச் சுற்றிக் காட்டு, வாசல் விளக்கைப் போட்டு வை. இருட்டுக்கடை அல்வா அரைக்கிலோ போதுமா, உன் வீட்டுக்காரருக்குத் தனியாக வேண்டுமா, உடனே எழுது.

உன்
ஜியாகிரபி