மரணத்துக்கு மதிப்பெண்ணா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலைநாடுகளில் புத்தாண்டு தொடங்கும்போது நடக்கும் ‘டெத் பூல்’ போட்டியைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் ஏதோ விளையாட்டுச் செய்தி போல எழுதியிருந்தீர்கள். வரும் ஆண்டில் எந்தெந்தப் பிரபலங்கள் இறப்பார்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்களாம். டிசம்பர் 31 வரை காத்திருந்து, அதிகம் பலித்தவருக்குப் பரிசாம். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் முப்பது வருடம் ஆயுள் காப்பீட்டு முகவராக இருந்தவன். ஒருமுறை ஒருவர் வந்து, அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் எதிர்வீட்டுப் பெரியவர் பெயரில் பாலிசி எடுக்கலாமா, பிரீமியத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று கேட்டார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். ஒருவர் போய்விட்டால் யாருக்கு நஷ்டமோ, அவர்தான் அந்த உயிரின் பேரில் பாலிசி எடுக்க முடியும். இதை எங்கள் தொழிலில் ‘இன்சூரபிள் இன்ட்ரஸ்ட்’ என்போம்.

இந்த விதி சும்மா வந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பாலிசி என்ற பெயரில் பெரிய மனிதர்களின் உயிர்மேல் பந்தயம் கட்டினார்கள். 1743இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் டெட்டிங்கனில் போரிடப் போனபோது, உயிரோடு திரும்புவாரா என்று அதற்கும் பணம் வைத்தார்கள். கடைசியில் 1774இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தவேண்டியிருந்தது.

பல போட்டிகளில் மதிப்பெண் போடும் முறைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. 100இலிருந்து இறந்தவரின் வயதைக் கழிக்கிறார்கள். 98 வயதுக்காரர் போனால் 2 தான். பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலையில் இறந்தபோது அவருக்கு வயது 27. இந்தக் கணக்கில் 73! குடியிலிருந்து மீள முடியாமல் அந்தப் பெண் தவித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர் இறக்கும் நாளைச் சரியாகச் சொன்னால் ஐபாட் தருகிறோம் என்று போட்டி வைத்தார்கள். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது, சார்!

அப்புறம் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். இனி மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று 2023 பிப்ரவரியில் அவர் முடிவெடுத்தார். பட்டியல் போடுகிறவர்களுக்கு அது ஒரு துப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் 77 வருடம் கூட வாழ்ந்த மனைவியைப் பறிகொடுத்து, சக்கர நாற்காலியில் வந்து வழியனுப்பினார். 100 வயது நிறைந்ததும் தபாலில் ஓட்டுப் போட்டார். 2024 டிசம்பர் 29 அன்றுதான் கண்ணை மூடினார்.

2015இல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவர் சொன்னது இது: எனக்கு முன்னால் கடைசி கினிப் புழு சாகவேண்டும். நம் பெரியவர்கள் நரம்புச் சிலந்தி என்பார்களே, அதை உண்டாக்கும் புழுதான். 1986இல் சுமார் 35 லட்சம் பேரை வாட்டிய நோய். அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் அதை ஒழிக்க அந்த ஆண்டிலிருந்து விடாமல் உழைத்தது. அவர் மறைந்த ஆண்டில் உலகம் முழுவதும் 15 பேருக்குத்தான் வந்தது. இந்தியாவில் 1996க்குப் பிறகு ஒருவருக்குமில்லை.

அடுத்த இணைப்பில் அரைப் பக்கம் கிடைத்தால் இந்தக் கதையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர்,
கும்பகோணம்.