ராகிக் கொல்லைக் காவலுக்கு நம்பி எடுத்துப் போகும் டார்ச் லைட்டும் தரமான பேட்டரி செல்லும் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
இரவுக் காவல் குழு விவசாயிகள், 31 பேர்
(கையொப்பங்கள் பின்பக்கம்),
ஏரிக்கரைக் கொல்லை, காட்டோரக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்.

பொருள்: யானைக் காவலுக்கு வழங்கப்பட்ட, பல எல்.இ.டி. பல்பு கொண்ட டார்ச் லைட்டுகளைத் திரும்பப் பெற்று, பாதுகாப்பான செல், சார்ஜருடன் மாற்று லைட் வழங்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. கடந்த கார்த்திகையில் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்த மனு.
2. தை மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட இரண்டு மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை. இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. ஆடியில் விதைத்த ராகி கதிர் வாங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் கர்நாடக எல்லையைத் தாண்டி யானைக் கூட்டம் இறங்கும் என்பது எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் இந்த மனுவையாவது தயவுசெய்து படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

1. சென்ற ஆண்டு பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் குழுவுக்கு 12 டார்ச் லைட்டுகள் வழங்கினீர்கள். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறோம். கேட்காமலே கொடுத்தீர்கள், அதை மறக்கவில்லை.

2. அந்த 12-ல் இன்று எரிவது மூன்று. அந்த மூன்றையும் நம்பி யாரும் கொல்லைக்குள் இறங்குவதில்லை.

3. காரணத்தை எங்கள் ஊர் ரேடியோ ரிப்பேர் கடையில் வைத்துக் கழற்றிப் பார்த்தோம். முன்பக்கம் ஒன்பது எல்.இ.டி. இருக்கிறது. பெட்டியில் 10,000 லூமன் என்று அச்சடித்திருக்கிறது. லூமன் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் அளவில் தரும், கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். கடைக்காரர் கையில் இருந்த சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் போல நாலு மடங்கு மின்சாரம் ஒரு கைப்பிடி லைட்டுக்குள் ஓடி, அதில் பெரும்பகுதி சூடாக மாறினால் அந்த அலுமினியக் குழாய் எத்தனை நிமிடம் தாங்கும்?

உள்ளே 18650 என்கிற செல் மூன்று இருக்கிறது. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயராம். செல்லின் மேல் 9,800 எம்.ஏ.எச். என்று எழுதியிருக்கிறது; அது செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற அளவு. அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிகள் செய்வது பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். அளவுதான். நகைக்கடைத் தராசில் வைத்தோம்: 28 கிராம். கடைக்காரர் பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து எடுத்து வைத்திருந்த ஒரு செல்லையும் வைத்தோம்: 46 கிராம். உள்ளே சரக்கு இருந்தால் அல்லவா எடை இருக்கும்! மீட்டர் மாட்டி முழுவதும் காலி செய்து அளந்தபோது வந்தது 1,100. எழுதியதில் எட்டில் ஒரு பங்குகூடச் சரியாக இல்லை ஐயா.

உண்மையான 3,000 எம்.ஏ.எச். செல் மூன்றைப் போட்டாலே, அந்தப் பெட்டியில் போட்டிருக்கும் வெளிச்சத்தை இருபது நிமிடத்துக்கு மேல் தர முடியாது. எங்களுக்கு வந்த செல்லில் ஏழு நிமிடம் அளவுதான் வரும். காவல் எத்தனை மணி நேரம் என்று தாங்களே சொல்லுங்கள். எட்டு மணிக்குப் பரண் ஏறுகிறோம், விடியும்போது இறங்குகிறோம்.

4. எங்களை வாட்டும் விஷயம் இதுதான். மார்கழி மாதம், இரவு இரண்டு மணி இருக்கும். தாங்கள் நேரில் பார்வையிட்ட அந்தச் சிறுபாலத்தை ஒட்டிய கொல்லை. யானைத் தடுப்பு அகழி சரிந்து கிடக்கிறது என்று தாங்களே கைநீட்டிக் காட்டிய இடம். கதிரைக் கொத்தாகப் பிடுங்கி, காலில் தட்டி மண் உதறும் சத்தம் கேட்டது. நானும் என் தம்பியும் பரணை விட்டு இறங்கினோம். லைட் தம்பி கையில். முழுச் சார்ஜ் போட்டுத்தான் கொண்டுபோயிருந்தோம்.

அமுக்கினான். பனி இறங்கியிருந்ததால் ஒன்பது பல்பின் வெளிச்சமும் பத்தடி முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. அதற்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. சத்தம் மட்டும் நின்றுவிட்டது. யானை நின்று எங்களைப் பார்க்கிறது என்று அதற்கு அர்த்தம். நாலைந்து நிமிடம் இருக்கும். லைட் மூன்று தரம் கண் சிமிட்டியது, அணைந்தது. திரும்ப அமுக்கினால் ஒரு நொடி சிவப்பாக மினுக்கும், மறுபடி அணையும். அவ்வளவு பிரகாசத்தைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. லைட்டே இல்லாமல் போயிருந்தால் பழகிய கண்ணுக்குப் பாதையாவது தெரிந்திருக்கும்.

மூச்சு விடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது ஐயா. காற்றடிக்கும் பம்பில் காற்று இறங்குகிற மாதிரி. தம்பி பின்னாலேயே நகர்ந்தான். நாலாவது அடியில் அகழிக்குள் போய்விட்டான். "அண்ணா, காலு" என்று ஒரே ஒரு தரம் சொன்னான். அதற்குமேல் சத்தம் போடக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன் லைட்டைப் போட்டேன். அது என் செருப்பைத்தான் காட்டியது. ஆட்கள் டிராக்டரைக் கொண்டுவந்து முகப்பு விளக்கில் அவனைத் தூக்கும்போது மணி நாலரை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். பிழைத்தது தெய்வச் செயல் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தத் தெய்வத்தை ஒவ்வொரு இரவும் சோதிக்க முடியுமா?

அந்த லைட்டை இரண்டாவது மனுவோடு கொண்டுவந்து காட்டினோம். தங்கள் அலுவலகத்தில் ஒருவர், "டெண்டரில் அதிக லூமன் உள்ள லைட்டைத்தான் எடுத்தோம், இதற்குமேல் என்ன வேண்டும்?" என்று கேட்டார். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் பெட்டியில் அச்சடித்த எண்ணையா தோளில் மாட்டிக்கொண்டு நாங்கள் கொல்லைக்குப் போகிறோம்?

5. அணைவது ஒரு ஆபத்து என்றால் சார்ஜ் போடுவது இன்னொன்று. மூன்று செல்லும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஒன்று முதலில் காலியானால் மற்ற இரண்டும் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும். காலியான செல் தலைகீழாகச் சார்ஜ் ஏறி உள்ளுக்குள் கெட்டுப்போகும். அடுத்த முறை சார்ஜ் போடும்போது அதுதான் கொதிக்கும். ஒரு லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். கூடவே கொடுத்த சார்ஜர் நிற்பதே இல்லை, பச்சை விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. ஒரு வீட்டில் தொட்டிலுக்குக் கீழே சார்ஜ் போட்ட லைட்டில் புகை வந்து, அந்தப் பெண் அதை முறத்தால் வாசலுக்குத் தள்ளியிருக்கிறாள். குழந்தை அப்போது தொட்டிலில் இல்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

6. இன்னொரு பையன் மாற்றுச் செல்லைச் சாவிக்கொத்தோடு கால்சட்டைப் பையில் போட்டிருந்தான். தொடை வெந்துபோனது. செல்லின் உடம்பு முழுக்க எதிர்முனை, மேலே உள்ள பொட்டு மட்டும் நேர்முனை, நடுவில் இருப்பது மெல்லிய உறை, அது கிழிந்தாலோ சாவி பட்டாலோ போதும் என்று லைட்டைக் கொடுத்த அன்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அப்படிச் செய்திருக்க மாட்டான். யாரும் சொல்லவில்லை. மேடையில் போட்டோ எடுக்க அரை மணி நேரம் இருந்தது.

ஐயா, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். நாங்கள் கும்கி கேட்கவில்லை. சூரிய மின்வேலி கேட்கவில்லை. அகழியைக்கூட இந்த மனுவில் கேட்கவில்லை, அதற்குத் தனியாக வருகிறோம். கேட்பது இவ்வளவுதான்:

அ) லூமனைப் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை மணி நேரம் எரியும், எத்தனை தூரம் பாயும் என்று பாருங்கள். தூரத்துக்குக் கேண்டலா என்று ஒரு அளவு உண்டு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 40,000 கேண்டலா என்றால் 400 மீட்டர். அந்தக் கடைசி முனையில் நிலா வெளிச்சம் அளவுதான் இருக்கும், ஆகவே யானையைத் தெளிவாகப் பார்ப்பது அதில் பாதித் தூரத்தில்தான். எங்களுக்கு அது போதும். இதற்கு ஒரே ஒரு எல்.இ.டி.யும் ஆழமான ரிஃப்ளெக்டரும் உள்ள லைட்டே சரி. ஒன்பது பல்பு வேண்டாம்.

ஆ) பல எல்.இ.டி. லைட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பரணைச் சுற்றிப் பார்க்கவும், விழுந்தவனைத் தூக்கவும் பரந்த வெளிச்சம் வேண்டும். குழுவுக்கு இரண்டு போதும். மூன்று நாலு எல்.இ.டி., உண்மையாக 2,000 லூமன் வந்தால் நிறைவு. சூடேறினால் தானே மங்க வேண்டும், அணையக் கூடாது. செல் தீர்வதற்கு முன்பே சொல்ல வேண்டும். நீல வெள்ளை வெளிச்சம் வேண்டாம், அதில் பாறையும் யானையும் ஒரே நிறமாகத் தெரிகிறது. கொஞ்சம் மஞ்சள் கலந்ததாக இருக்கட்டும்.

இ) கையில் எடுத்துப் போகும் லைட் ஒற்றைச் செல் உள்ளதாக இருக்கட்டும். 21700 என்ற பெரிய செல்லில் 5,000 எம்.ஏ.எச். உண்மையாகவே கிடைக்கிறது. 300 லூமனில் வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. வேண்டும்போது மட்டும் கூட்டிக்கொள்வோம். ஒன்றுக்கு மேல் செல் உள்ள லைட்டானால் செல்கள் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியது, ஒன்றாகவே சார்ஜ் போட்டது என்று இருக்க வேண்டும்.

ஈ) செல்லின் மேல் ஐ.எஸ். 16046 முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு அது கட்டாயம். எங்களுக்கு வந்ததில் இல்லை. அதோடு ஒரு தராசையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உ) தானாக நிற்கும் சார்ஜர் நாலு. சமுதாயக் கூடத்துப் பின்னறையில் சிமெண்ட் மேடை இருக்கிறது. பகலில் அங்கேயே எல்லாரும் சார்ஜ் போடுகிறோம், ஒருவர் கூடவே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குள் இனி யாரும் போட மாட்டோம். மாற்றுச் செல் வைக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா. அது நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

ஊ) கெட்டுப்போன ஒன்பது லைட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிய செல்கள் மண்பானையில் மணல் போட்டு வேப்பமரத்தடியில் இருக்கின்றன. குப்பையில் போடப் பயமாக இருக்கிறது, பிள்ளைகள் எடுத்து உடைப்பார்கள்.

12 லைட் வேண்டாம் ஐயா. நல்லதாக ஆறு கொடுங்கள். ஆறும் முடியாதென்றால், சிறுபாலத்துப் பக்கம் காவல் இருக்கும் இரண்டு பரணுக்காவது இரண்டு கொடுங்கள். எந்த லைட் என்று முடிவு செய்யும் முன் ஒரு மாதிரியை எங்களிடம் ஒரே ஒரு இரவு கொடுத்துப் பாருங்கள். எரிகிறதா, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று மணியோடு எழுதித் தருகிறோம்.

ஐப்பசி பிறப்பதற்குள் கொடுத்துவிடும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த வருடம் தம்பிக்குப் பதிலாகப் பரண் ஏறப் போகிறவன் அவன் மகன். பதினெட்டு வயது. அவன் கையில் கொடுக்க என்னிடம் இப்போது இருப்பது அதே லைட்தான்.

இப்படிக்கு,
இரவுக் காவல் குழுவுக்காக,
செயலாளர்.

இணைப்பு: 1. ஒப்புகைச் சீட்டு நகல் இரண்டு. 2. மருத்துவமனைச் சீட்டு நகல். 3. லைட்டில் இருந்து எடுத்த செல் ஒன்று, டப்பாவில் வைத்து. பத்திரமாகக் கையாளவும்.