தூர்வாரும் பணம் எந்த மாதத்தில் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதிநிலை அறிக்கை தாக்கலாகும் ஒவ்வோர் ஆண்டும் காவிரி டெல்டாவுக்கு எத்தனை கோடி என்பது தலைப்புச் செய்தியாகிறது. அந்தக் கோடி எந்த மாதத்தில் வாய்க்காலுக்கு வந்து சேர்கிறது என்று கேட்பவர் குறைவு. கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் மூன்று ஏக்கர் பயிர் செய்து வருபவன் என்பதால், இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஓரளவு அறிந்தவனாக இதை எழுதுகிறேன்.

மேட்டூர் அணை வழக்கப்படி சனவரி 28-ஆம் தேதி மூடப்பட்டு, நீர் இருப்பு இருந்தால் சூன் 12-ஆம் தேதி திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நாலரை மாதமே எங்கள் ஆறுகளும் வாய்க்கால்களும் வறண்டு கிடக்கும் காலம். தூர்வாருவது, மதகுகளைச் செப்பனிடுவது, கரையைப் பலப்படுத்துவது எல்லாம் இந்தக் காலத்துக்குள் முடிந்தாக வேண்டும். அரசின் நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிந்து ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. ஆற்றின் ஓய்வுக் காலத்தைச் சரியாக நடுவில் வெட்டுகிறது இந்தத் தேதி. பழைய ஆண்டின் பணம் பிப்ரவரியிலேயே தீர்ந்துபோயிருக்கும், அல்லது செலவாகாமல் அரசிடமே திரும்ப ஒப்படைக்கத் தயாராக இருக்கும். புதிய ஆண்டின் பணம் அரசாணை, ஒப்பந்தப்புள்ளி என்று நடந்து வந்து சேர்வதற்குள் கோடை பாதி கழிந்துவிடுகிறது.

2022-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் தூர்வார முடிவு செய்து, ஏப்ரல் 23 அன்று பணியைத் தொடங்கினார்கள். அவ்வாண்டு நல்ல நீர்வரத்து இருந்ததால் மேட்டூர் மே 24-இலேயே திறக்கப்பட்டது. அந்த நீர் டெல்டா ஆறுகளுக்குப் பிரியும் கல்லணை மே 27-இல் திறக்கப்பட்டது. ஆக, தூர்வாரக் கிடைத்தவை 34 நாட்கள். சனவரி 28-இலிருந்து ஏப்ரல் 23 வரையுள்ள 85 நாட்கள் எதற்கும் பயன்படவில்லை. அதற்கு முந்தைய 2021-இல் தேர்தல் காரணமாக முழு நிதிநிலை அறிக்கையே ஆகஸ்ட் 13-இல்தான் வந்தது என்பதையும், அப்போது குறுவை நெல் நட்டு வளர்ந்துகொண்டிருந்தது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். மறுநாள் முதன்முறையாக வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை தாக்கலானதை நானும் மகிழ்ச்சியோடு வரவேற்றவன்தான்.

அவசரத்தில் நடக்கும் வேலை எப்படி இருக்கும் என்பதை எங்கள் ஊர்ப் பாசன வாய்க்காலிலேயே பார்த்தோம். வாய்க்காலின் தலைமதகில் தண்ணீர் விட்டாயிற்று என்ற செய்தி வந்த பிறகு பொக்லைன் வந்தது. அள்ளிய மண்ணை அப்புறப்படுத்த நேரமில்லாமல் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் அதில் பெரும்பகுதி திரும்ப வாய்க்காலுக்குள் சரிந்தது. வாய்க்காலை அடைக்கும் களைச்செடியான நெய்வேலிக் காட்டாமணக்கு வேரோடு எடுக்கப்படாததால் தை மாதத்துக்குள் பழையபடி தழைத்துவிட்டது. ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதினைந்து நாளில் முடி என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

2023-இல் 90 கோடியில் 4,773 கிலோமீட்டர் என்றார்கள். கிலோமீட்டருக்குச் சுமார் 1.9 லட்சம். அதே ஆண்டு பிப்ரவரியில் பருவம் தவறிய மழையில் சாய்ந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதாவது ஒன்பது பத்து ஹெக்டேருக்குத் தரும் நிவாரணத்தில் ஒரு கிலோமீட்டர் வாய்க்காலைத் தூர்வாரிவிடலாம். ஒரு கிலோமீட்டர் வடிகால் வடிக்கும் பரப்போ அதைப்போலப் பல மடங்கு. நிவாரணம் வேண்டாம் என்று சொல்ல நான் யார், நானே அதை வாங்கியவன். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் பெய்த 44 சென்டிமீட்டர் மழையை எந்த வடிகாலும் தாங்கியிருக்காது என்பதும் உண்மை. ஆனால் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் மழைக்கே வயல் ஒரு வாரம் மூழ்கிக் கிடப்பதற்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் பணி தொடங்கச் சொன்னால் சம்பா, தாளடி அறுவடை நடக்கும், கரையில் அறுவடை இயந்திரம் போகவேண்டும் என்பார்கள். நியாயமான பதில்தான். ஆகையால் மார்ச் முதல் தேதி போதும். சட்டமன்றம் ஒப்புதல் அளிக்காத பணத்தைச் செலவிட அரசியல் சட்டத்தின் 204-ஆம் பிரிவு இடம் தராது என்பதும் நான் அறிந்ததே. அதற்காகப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரே பணியின் மதிப்பீட்டை இரண்டு நிதியாண்டுகளுக்கும் பிரித்து, மார்ச் மாதச் செலவை, துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் நடப்பாண்டு மானியக் கோரிக்கையிலும் ஏப்ரல், மே செலவை அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையிலும் சேர்த்துவிடலாம். பாலம், கட்டடம் போன்ற பல ஆண்டுப் பணிகளுக்கு நாள்தோறும் செய்வதுதான் இது. நிர்வாக அனுமதியை டிசம்பரிலும் ஒப்பந்தப்புள்ளியைப் பொங்கலுக்குள்ளும் முடித்துவிட்டால், மார்ச் 31 மாலையில் கருவூல வாசலில் பணம் கோரும் பட்டியல்களோடு நிற்கும் கூட்டமும் கொஞ்சம் குறையும். அந்தக் கூட்டத்தை எத்தனையோ ஆண்டுகள் உள்ளேயிருந்து பார்த்தவன் நான்.

இன்னொன்று. ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன; வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சி, டி எனப்படும் சிறு கிளை வாய்க்கால்கள் வேறு துறைகளையும், இயந்திரத்துக்கு இடமில்லாத நூறு நாள் வேலைத் திட்டத்தையும் நம்பி விடப்பட்டு வந்தன. பெரிய வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து ஓடும்போது பக்கத்து வயல் வெடித்துக் கிடக்கும் காட்சி எங்கள் பகுதியில் புதிதல்ல. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு போடப்பட வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் டெல்டாவுக்கு ஒதுக்கும் தொகையோடு, பணி தொடங்கும் நாளும் முடியும் நாளும் அச்சிடப்பட வேண்டும் என்று கோருகிறேன். எந்தெந்த வாய்க்கால் எத்தனை கிலோமீட்டர் என்ற பட்டியலைத் தை மாதத்திலேயே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிட்டால், விடுபட்டவற்றைச் சொல்ல எங்களுக்கும் ஒரு மாதம் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்