நூலகக் கூரையைச் செப்பனிடக் கோரி நான்காம் முறையாக அளிக்கும் மனு

பெறுநர்:
உயர்திரு நூலக அலுவலர் அவர்கள்

பொருள்: சதாசிவப் பண்டாரத்தார் நூல்களைக் காக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மேற்குச் சுவரையும் அதையொட்டிய அலமாரியையும் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது நேரில் பார்த்திருக்கிறீர்கள். முன்னர் அளித்த மூன்று மனுக்களுக்கும் பதில் வராததால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறேன்.

1. பக்கத்துத் திருப்புறம்பயத்தில் 1892-இல் பிறந்த பண்டாரத்தார், கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்துகொண்டே கல்வெட்டுகளைத் தேடிப் படித்தவர். 1942-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று 1960-இல் மறையும்வரை ஆராய்ந்தவர்.

2. பிற்காலச் சோழர் வரலாற்றை ஆங்கிலம் அறியாதவரும் படிக்கும்படி தமிழிலேயே மூன்று பகுதிகளாக எழுதித் தந்தார்.

3. அந்த மூன்று பகுதிகளும்தான் ஒழுகும் இடத்தில் இருக்கின்றன. சென்ற ஐப்பசி மழையில் முதற்பகுதி முழுவதும் நனைந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில், பின்னர் அரசனான உத்தம சோழனுக்குப் பங்கில்லை என்று, கொலையாளிகளைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டைச் சான்றாக வைத்து அவர் வாதிடும் பக்கத்தைக் கேட்டு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். ஒட்டிக்கிடந்த தாள்களை நான் நகத்தால் மெல்லப் பிரித்தேன். எழுத்துகள் உரிந்து எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு வந்தன. அவள் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நூலகர் மீது குறையில்லை. தம் வீட்டிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து மூடியவர் அவர்தான்.

4. புதுப் படி வாங்கலாமே என்கிறார்கள். வாங்கி எங்கே வைப்பது, ஐயா? அதே அலமாரியிலா? ஆயிரம் ஆண்டு மழையில் நின்ற கல்லெழுத்தைப் படித்து ஒருவர் தாளில் ஏற்றினார். அந்தத் தாளை ஒரு மழைக்காலம்கூட நம்மால் காக்க முடியவில்லையே! நிதி வரட்டும், மதிப்பீடு வரட்டும் என்று எத்தனை முறைதான் கேட்பது? நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் அன்று, பத்தடிக் கூரை.

5. அதுவரை அலமாரியையாவது கிழக்கு அறைக்கு மாற்ற உத்தரவிடுங்கள்.

அடுத்த மழைக்கு முன் கூரையைச் செப்பனிட்டுத் தருமாறு மீண்டும் மீண்டும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நூலக வாசகர்