எங்கள் லேத் மெசினை வீடு சேர்த்தவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடையிலிருந்து, அப்பா இரும்பு கடையும் லேத் மெசினைக் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த எல்லோருக்கும் நன்றி. ஒரு பிளேன்ரியைக் குடித்துவிட்டு அவசரமாகப் போய்விட்டீர்கள். அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெய் கிடைத்த நாட்களில் தண்ணீர் இறைக்கும் மெசினில் பெல்ட் பூட்டித்தான் அப்பா அந்த லேத்தை ஓட்டினார். தோட்டக்காரருக்குப் பம்ப் புஷ் (தண்டு சுழலும் வளையம்) கடைந்து கொடுத்த காசில்தான் நானும் தம்பியும் படித்தோம். கடையை விடவேண்டி வந்ததும் பழைய இரும்பு விலைக்குக் கேட்டு வந்தார்கள். அப்பா பதில் சொல்லாமல் எண்ணெய்த் துணியால் லேத்தின் 'பெட்' என்ற நீள இரும்புத் தளத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகு விற்க எனக்கு மனம் வரவில்லை.

தம்பி கனடாவில் தன் வீட்டு பேஸ்மென்டுக்குள் லேத் இறக்கியவன். படியால் இறக்க எல்லாவற்றையும் கழற்றினானாம். இங்கே கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல், மாரியில் கிணறு மேலே வந்துவிடும், நிலத்தடி அறை சரிவராது, எங்களுக்கு வீட்டின் பின்பத்திதான். சுழல்தண்டு இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டொக்கையும் தம்பி கழற்றச் சொன்னான். திரும்பப் பூட்டி நேர் பிடிப்பது லேசில்லை என்று அப்பா மறுத்துவிட்டார். கடையும் இரும்பைப் பிடிக்கும் சக், அதன் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக், மோட்டார் மட்டும் கழற்றினோம். சக்கில் கை வைக்க முன் பெட்டின் மேல் ஒரு பலகையை வைத்தார். நழுவினாலும் பெட்டில் வடு விழாது, விரலும் தப்பும்.

வருவதாகச் சொன்ன கிரேன் வரவில்லை. கராஜ் தம்பிமார் மூன்று பனங்குற்றிகளை முக்காலியாக நிறுத்தி, சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் புளொக்கில் தூக்கிக் கன்டர் லொறியில் ஏற்றினீர்கள். கன்டர்க்கார அண்ணை, டீசல் காசைக்கூட நீங்கள் வாங்கவில்லை. ஒழுங்கைக்குள் வாகனம் திரும்பாது என்றதும், அடியில் பைப் போட்டு உருட்டத் தொடங்கினோம். முதல்நாள் மழையில் மண் இளகி பைப் புதைந்தது. அயல்வீட்டு அக்கா, வேலிக்குப் போட வைத்திருந்த பனம்பலகைகளைக் கேட்காமலே தூக்கி வந்தீர்கள்.

படலையடியில்தான் மெசின் ஹெட்ஸ்டொக் பக்கம் சரிந்தது. எல்லோரும் தாங்கப் பிடிக்க ஓடினோம். "ஒருத்தரும் கை குடுக்காதேங்கோ, விலகுங்கோ!" என்று மேசன் மாமா போட்ட சத்தத்தில் அப்படியே நின்றோம். மதிலோரம் முட்டி நின்ற மெசினுக்கு அலவாங்கைக் கொடுத்து, கட்டை வைத்துக் கட்டை வைத்து, அங்குலம் அங்குலமாக நிமிர்த்தினீர்கள். மாமா, அன்றைக்கு எத்தனை பேரின் கால் தப்பியது என்று நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு அடிக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு நாளாக அப்பா ரசமட்டம் வைத்து, காலுக்குத் தகடு கொடுத்து மட்டம் பார்த்தார். நேற்றுப் பின்னேரம் மோட்டாரும் பூட்டியாயிற்று. உங்கள் அலவாங்கு இரண்டு எங்கள் பத்தியில் நிற்கிறது, மாமா. எடுக்க வரும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள்.