இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் ஆய்வகத்தில் நுட்புனராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன வாரம் ஒரு மருந்துக் கடையில், "ரொம்ப நாளா இருமல் நிக்கல" என்ற பெரியவருக்கு, சீட்டு கூடக் கேட்காமல் ஐந்து லெவோஃப்ளாக்சசின் மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள். எனக்குப் பகீரென்றது.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய குயினோலோன் மருந்துகள் காசநோய்க் கிருமியையும் அடிக்கும். ஐந்து நாள் விழுங்கினால் இருமல் கொஞ்சம் அடங்கும். சளியில் கிருமி குறைந்து, பரிசோதனையில் நோய் பிடிபடாமலும் போகலாம். அதற்குள் மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சளியிலிருந்து வளர்த்த கிருமியை இரண்டு குழாய்களில் விடுவோம். ஒன்றில் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் லெவோஃப்ளாக்சசின். இன்னொன்றில் மருந்தே இருக்காது. ஆனால் கிருமியை நூறு மடங்கு நீர்த்துத்தான் விடுவோம். இரண்டும் 37 டிகிரியில் கருவிக்குள் இருக்கும். நீர்த்த குழாயில் கிருமி வளர்ந்த பிறகும் மருந்துக் குழாய் அப்படியே இருந்தால், அந்த மருந்து வேலை செய்யும் என்று அர்த்தம். அதற்குள் மருந்துக் குழாயிலும் வளர்ந்துவிட்டால், நூற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் மசியாதவை என்று அர்த்தம். அந்த முடிவைப் பதிவேட்டில் எழுதும்போதெல்லாம் கை கனக்கும். ஏனென்றால், காசநோய்க்கு முதலில் தரும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத நோயாளிக்குக் கைகொடுக்கிற முக்கியமான மருந்து வகை இது. பெடாகுவிலின், பிரிடோமானிட், லினசோலிட் ஆகியவற்றோடு சேர்த்துத் தரும் ஆறு மாத சிகிச்சையில் நான்காவது மருந்தே மாக்சிஃப்ளாக்சசின்தான்.

இப்போது கிருமியின் ஜைர்-ஏ, ஜைர்-பி மரபணுக்களைப் பார்த்து, குயினோலோன் வேலை செய்யுமா என்று, வளர்ப்புக்குக் காத்திராமலே சில நாட்களில் சொல்லிவிடும் பரிசோதனையும் இருக்கிறது. ரிஃபாம்பிசின் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததுமே, குயினோலோன் பரிசோதனைக்கும் மாதிரி போனதா என்று மருத்துவர்கள் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வீட்டாரும் தயங்காமல் கேட்கலாம். மாதிரியாக எச்சில் வேண்டாம்; ஆழ இருமி எடுத்த சளிதான் வேண்டும்.

லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் 2014 முதல், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மருந்து ஆய்வாளர்கள் கடைகளில் முதலில் அந்தப் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று வருகிறவரிடம், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம் என்று கடைக்காரர்களும் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புனர்,
திருச்சி